எலும்பு கூடிவிட்டது, கால் இன்னும் வரவில்லை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. மதுரையில் குடியிருக்கிறேன். விதையும் பயிர் மருந்தும் விற்கும் நிறுவனம் ஒன்றில் கள அலுவலர். மாசி மாதம் டி.கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகும் வழியில், சாலையில் அடிக்கப் போட்டிருந்த கொள்ளுச் செடியில் பைக் சறுக்கி விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். இன்றோடு 11 வாரம். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு முன்புதான் முழு எடையையும் ஊன்றி நடக்க மருத்துவர் அனுமதித்தார். இனி பைக் வேண்டாம் என்று நிறுவனத்தில் எனக்குக் கார் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜூன் 1 வேலைக்கு வரவேண்டும், கார்தானே, உட்கார்ந்த இடத்தில்தானே வேலை என்கிறார் மேலாளர். திங்கள் தேனி, செவ்வாய் அருப்புக்கோட்டை, புதன் நத்தம், வியாழன் ராஜபாளையம், வெள்ளி சிவகங்கை என்று சுற்று. கியர் காரா, ஆட்டோமேட்டிக் காரா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது? முறிந்தது கெண்டைக்கால் பக்கம், முழங்கால் ஏன் வலிக்கிறது? எண்ணெய் போட்டு உருவிவிட ஒரு வைத்தியரிடம் போகலாம் என்று அம்மா சொல்கிறார். இந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்தான் பார்த்தேன். ஆனி மாதம் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்குள் சம்மணம் போட்டு உட்கார முடியுமா?

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் மேலாளரின் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். ‘உட்கார்ந்த இடத்தில்தானே வேலை’ என்பதை என் பிசியோதெரபி மேசையில் படுத்துக்கொண்டு சொன்னவர்கள் பலர். லாரி ஓட்டுபவர் சொல்லியிருக்கிறார், பள்ளி வேன் ஓட்டுபவர் சொல்லியிருக்கிறார், ஒரு வங்கி மேலாளரும் சொல்லியிருக்கிறார். இடுப்புக்கு மேலே அது உண்மைதான். வலது காலுக்கோ கார் ஓட்டுவது நிற்பதைவிடச் சிரமமான வேலை. நிற்கும்போது வலித்தால் எடையை இடது காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரேக் மிதிக்க இடது காலைத் துணைக்குக் கூப்பிட முடியாது. கூப்பிடவும் கூடாது. கிளட்ச்சை ஓங்கி மிதித்தே பழகிய கால் அது. பிரேக்கையும் அப்படியே மிதித்தால், பின்னால் வருகிற டவுன் பஸ் உங்கள் டிக்கியில் வந்து நிற்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது நல்ல சேதி. முழங்காலுக்குக் கீழே உள்ள அந்தப் பெரிய எலும்பின் முன்பக்கத்தில் சதைப்பற்று கிடையாது. விரலால் தடவினால் தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். சதை இல்லாத இடத்தில் இரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் கை எலும்பு ஆறேழு வாரத்தில் கூடும்போது, இது மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் புகைபிடிப்பவரா என்று எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், தவறில்லை. ஆனால் வீட்டில் அந்தச் சூப்புக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை முட்டைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் கொடுத்தால் தசை சீக்கிரம் திரும்பும். உங்கள் பிரச்சினை இப்போது எலும்பைவிடத் தசையில்தான் அதிகம்.

ஒரு இஞ்ச் டேப் எடுங்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே, இரண்டு தொடையிலும் சுற்றளவு பாருங்கள். வலது தொடை இளைத்திருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். ஒன்பது வாரம் எடை ஊன்றாத காலில் அப்படி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். தசை இளைப்பது வேகமாக நடக்கும். இரண்டு வாரப் படுக்கையே போதும். அது திரும்பி வருவது ஆமை வேகம்.

அளக்க முடியாத இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போகும்போது நாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாதம் எங்கே இருக்கிறது என்று கணுக்காலும் முழங்காலும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்த காலில் அந்தச் சேதி மந்தமாகிவிடும். கால் வலிக்காது, வீங்காது, நன்றாக இருப்பது போலவே தோன்றும். அவசரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழை இரவில், எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் கால் மடங்கி, வலது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு விரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எல்லோருக்கும் ஆலோசனை சொல்கிறவன் அல்லவா, எட்டாவது வாரத்தில் எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டு காரை எடுத்தேன். பழங்காநத்தம் பக்கம் முன்னால் போன ஆட்டோ, வர்ணம் பூசாத ஒரு வேகத்தடையைப் பார்த்துச் சட்டென்று நின்றது. நான் பதறவில்லை, தூங்கவில்லை. கால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சரியாக எழுந்தது. ஆனால் பிரேக்கின் நடுவில் இறங்குவதற்குப் பதிலாக அதன் ஓரத்தில் பெருவிரல் பட்டு வழுக்கியது. மறுபடி மிதிப்பதற்குள் ஆட்டோவின் பின்விளக்கு என் பம்பரில் இருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று கண்ணாடியை இறக்கினால், என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “கால் மரத்துப்போய்விட்டதா சார்?” என்றார். அதைவிடச் சரியாக யாரும் நோய் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. விளக்குக்குக் காசு கொடுத்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, அதே ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

இனி கணக்குக்கு வருவோம். வலது காலில் எலும்பு முறிந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களை, கார் போலவே அமைத்த கருவியில் உட்கார வைத்து, பிரேக் மிதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். முழு எடை ஊன்றத் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரம் வரை அந்த நேரம் பழைய நிலைக்கு வரவில்லை. கணக்கு அறுவைசிகிச்சை நாளிலிருந்து இல்லை, எடை ஊன்றிய நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். உங்கள் 11 வாரத்தை இங்கே செலவழிக்க முடியாது. கையில் இருப்பது இரண்டு வாரம்தான்.

அருப்புக்கோட்டை நான்குவழிச் சாலையில் எண்பதில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிக்கு 22 மீட்டர். கால் கால்வினாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும். உங்களுக்குத் தரப்போகிற சிறிய காரின் மொத்த நீளமே நான்கு மீட்டருக்குள்தான் இருக்கும். நடுத்தடுப்பின் இடைவெளியில் குறுக்கே வருகிற மொபெட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கார் நீளத்துக்கும் மேல் இடம் வேண்டும், அது இருக்காது.

ஆகவே ஜூன் இரண்டாம் வாரத்துக்கு முன் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் தேதி பார்த்து உட்காராதீர்கள், காலைப் பார்த்து உட்காருங்கள். முதலில் தெருவில் நடக்கும்போது தாங்கல் இருக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாது, பின்னால் நடந்து வருகிறவரிடம் கேளுங்கள். அடுத்து, சமையலறை மேடையை விரலால் தொட்டபடி வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க வேண்டும். இப்போது ஒன்றிரண்டு தடவைகூட வராது. பத்துத் தடவை வர வேண்டும். மேடையைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடினால் எத்தனை வினாடி தாங்குகிறீர்கள் என்று இரண்டு காலுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

நான் அதிகம் நம்புவது ஒரு நாற்காலிச் சோதனை. தரையில் ஒரு டைல்ஸ் கோட்டுக்கு இரு பக்கமும் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு புள்ளி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தைத் தூக்கித் தூக்கி அந்தப் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் மாற்றி வையுங்கள். பத்து வினாடியில் எத்தனை என்று வீட்டில் யாராவது எண்ணட்டும். அதையே இடது காலுக்கும் செய்யுங்கள். இடது இருபது, வலது பன்னிரண்டு என்றால், எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் காரில் ஏறத் தயாராகவில்லை. எண்ணிக்கை நெருங்கிவிட்டால், நிற்கும் காரில் உட்காருங்கள். நியூட்ரல், கைப்பிரேக், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், சோதனை பொய்யாகும். நீங்கள் சாலையைப் பார்ப்பது போல நேரே பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் எதிர்பாராத நேரத்தில் ‘நிறுத்து’ என்று கத்தட்டும். முழு பலத்தோடு ஓங்கி மிதிக்க வேண்டும். இருபது தடவையில் ஒரு தடவை முகம் சுளித்தாலும் இன்னொரு வாரம் போகட்டும்.

இரவு வலிக்கு டிரமடால், பிரிகாபலின் போன்ற மாத்திரை இன்னும் ஓடுகிறது என்றால் இந்தச் சோதனை எதுவுமே செல்லாது. அவை மறுநாள் காலையிலும் கண்ணைச் சொக்கவைக்கும்.

கியரா, ஆட்டோமேட்டிக்கா? ‘காலில் அடிபட்டவன், கிளட்ச் இல்லாத காராக வாங்கு’ என்று இதற்குள் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். எந்தக் கால் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கிளட்ச் இடது காலின் வேலை. உங்கள் இடது கால் நன்றாக இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் அந்த நல்ல காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அடிபட்ட காலிடம் எல்லா வேலையையும் ஒப்படைக்கும். இப்போது வருகிற கிளட்ச் மிதி இல்லாத கார்களில் பெரும்பாலானவை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே ஊரும். கோரிப்பாளையம் நெரிசலில் அரை மணி நேரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பது வலது பாதம்தான். கியர் காரில் நியூட்ரலுக்குப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, வலது காலைத் தரையில் வைத்துவிடலாம். இடது கால் முறிந்தவருக்கு ஆட்டோமேட்டிக் வரப்பிரசாதம். உங்களுக்கு முதல் ஆறு மாதம் கியர் காரே நல்லது. இல்லை, ஆட்டோமேட்டிக்தான் கொடுப்பார்கள் என்றால் அழவேண்டாம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நியூட்ரலும் கைப்பிரேக்கும் போடும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனக் கார் என்றதும் எனக்கு ஒரு பயம் வரும். பல கைகள் மாறி வந்த வண்டியாக இருந்தால், அதற்கு ஓட்டியவர்கள் உண்டு, சொந்தக்காரர் கிடையாது. பிரேக் மிதி பஞ்சு போல இறங்குகிறதா, பாதி வழியில் கல் போல நிற்கிறதா என்று சாவியை வாங்கும் முன் பாருங்கள். தேய்ந்த பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதைக் கொடுக்க இப்போது உங்களிடம் கால் இல்லை. டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். டீசல் மிச்சமாகும் என்று நாற்பதுக்கு மேல் அடித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த டயர் ஒவ்வொரு கல்லையும் உங்கள் முழங்காலுக்கு அறிவிக்கும். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டி ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு போதும், அதையும் டயர் சூடாகும் முன் காலையில் பாருங்கள். மிதி அருகே நழுவுகிற விரிப்பை எடுத்து எறியுங்கள். தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள், அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் உட்காரும். ரப்பர் செருப்பு போட்டு ஓட்டாதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது தெரியும். அவர்கள் பாதம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் மூளைக்குத் தெரியும்.

ஏறும்போது முதலில் இருக்கையில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். வலது காலை மட்டும் வெளியே விட்டு, அதன் மேல் உடம்பைத் திருகி ஏறுகிற பழக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

சாலைகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் சுற்றைப் படித்ததும் எனக்கே கெண்டைக்கால் இழுத்தது. நெரிசலில் பிரேக்குக்கு மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது, முறிந்த எலும்பை ஒட்டி ஓடும் முன்தசை. அதுதான் முதலில் எரியும். முதல் ஓட்டத்துக்கு நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2023இல் திறந்தது, 7.3 கிலோமீட்டர், ஆடு மாடு கிடையாது, சிக்னல் கிடையாது. நான் சொல்லமாட்டேன். நடுவில் கால் பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அழகர்கோவில் சாலையில் போங்கள். போக 21 கிலோமீட்டர், ஒதுங்க எங்கும் இடம் உண்டு, பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அப்பன்திருப்பதியில் ஒரு தடவை இறங்கி நடங்கள். கோவிலில் பிரசாத தோசை வாங்கிச் சாப்பிடுங்கள். இந்த வருடம் டிவியில் பார்த்தவரை நேரிலும் பார்த்துவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று அழுத்திப் பாருங்கள். பொறுக்கும்படி இருந்தால் நீங்களே திரும்ப ஓட்டுங்கள். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு நத்தம், சிவகங்கை போன்ற குறைந்த தூரம். அருப்புக்கோட்டைச் சாலை நேராக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அங்கே பிரேக் அடிக்கடி வேண்டாம், வேண்டும்போது உயிர் போகிற அவசரத்தில் வேண்டும். எதிர்த்திசையில் ஓரமாக வரும் டிராக்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ராஜபாளையம் நீளம். தேனி கடைசி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வளைவுகளில், லாரிக்குப் பின்னால் ஏறி இறங்குவது வலது காலுக்கு ஓயாத வேலை. எங்கே போனாலும் முதல் இரண்டு மாதம் 45 நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். விதைக் கடைக்காரர்கள் டீ கொடுப்பார்கள், நின்றுகொண்டே குடியுங்கள். பள்ளத்தைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அழுத்திக்கொண்டே இறங்கினால் அடி வண்டிக்கும் விழும், உங்கள் காலுக்கும் விழும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது, அதில் இறங்கவே வேண்டாம். கொள்ளுச் செடி இனி உங்களை வழுக்கிவிடாது என்று நினைக்காதீர்கள். காய்ந்த கொடியின் மேல் பிரேக் அடித்தால் கார்ச் சக்கரமும் சறுக்கும். போட்டவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. களம் இல்லாத ஊரில் சாலைதான் களம். அவர் உங்கள் கடையில் விதை வாங்கியவராகவும் இருக்கலாம்.

நிறுவனத்தோடு பேசுவதற்கு வருகிறேன். நீங்கள் கேட்க வேண்டியது பெரிய சலுகை ஒன்றுமில்லை. ஜூன் 1 வேலையில் சேருங்கள், மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு ஆக்டிங் டிரைவர் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மேலாளர் சிரிப்பார். அறுவைசிகிச்சை செய்த மருத்துவரிடம் ‘இன்ன தேதி வரை வாகனம் ஓட்டக்கூடாது’ என்று எழுதி வாங்கி, மின்னஞ்சலில் அனுப்புங்கள். தன் உடல்நிலை காரணமாக ஓட்டுவது மற்றவருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஓட்டுவது, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவில் குற்றம். மருத்துவர் தாளில் எழுதிய பிறகு ‘பரவாயில்லை, ஓட்டு’ என்று பதில் எழுத எந்த மேலாளரும் துணியமாட்டார். டிரைவர் தரவில்லையென்றால் அந்த மூன்று வாரம் பஸ். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் கீழே. வீட்டு மாடிப்படிக்கும் அதே கணக்கு.

முழங்கால் வலி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. பயப்பட வேண்டாம். அந்த ராடை முறிந்த இடத்தில் வைத்து நுழைப்பதில்லை. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே தோலைத் திறந்து, எலும்பின் மேல்முனையிலிருந்து உள்ளே இறக்குகிறார்கள். அங்கே ஒரு தழும்பு இருக்கும், பாருங்கள். இந்த அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், குறிப்பாக மண்டியிடும்போது. தொடைத் தசை வலுக்க வலுக்கப் பெரும்பாலும் குறையும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து வினாடி பிடித்து விடுங்கள். காலையும் மாலையும் இருபது தடவை.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கட்டுப் போடும் வைத்தியர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் உள்ளே கம்பி இருக்கிற, பாதி கூடிய எலும்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி உருவ யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தால், ஆறிய தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்துவிடட்டும். அது உண்மையிலேயே நல்லது.

மாலையில் கணுக்கால் வீங்குவது இன்னும் சில மாதம் இருக்கும், படுத்துக் காலைத் தலையணை மேல் வைத்தால் வடியும். வடியாத வீக்கம், கெண்டைச் சதையில் சூடும் இறுகிய வலியும், திடீர் மூச்சுத்திணறல், தழும்பில் நீர்க்கசிவு, முறிந்த இடத்தில் புதிதாக எழும் வலி, இவற்றில் எது வந்தாலும் என் பதிலுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காதுகுத்துக்கு வருவோம். ஆனி என்றால் உங்களுக்குப் பதினேழு பதினெட்டு வாரம் ஆகியிருக்கும். கட்டிலில் உட்கார்ந்து சம்மணம் பழகத் தொடங்குங்கள். வலது முழங்காலுக்கு அடியில் தலையணை, ஐந்து நிமிடம், போதும். அதற்குள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் கை இல்லாத ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். தாய்மாமன் மடி வேண்டும் என்றுதான் வழக்கம், அது தரையில் இருக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் கேட்டதில்லை. குழந்தையை நீங்கள் குனிந்து தூக்காதீர்கள், அக்காவைக் கொண்டுவந்து மடியில் வைக்கச் சொல்லுங்கள். இடது தொடைப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை காலை உதைக்கும், அது எந்தப் பக்கம் உதைக்கும் என்று சொல்ல முடியாது.